பெண்ட் சினிஸ்டர்: கேடயத்துச் சாய்பட்டையைப் படிக்கவும் வரையவும்

ஐரோப்பியக் கேடயச் சின்னங்களில், மேல்மூலை ஒன்றில் தொடங்கி எதிர்ப்பக்கக் கீழ்விளிம்பு வரை சாய்வாக இறங்கும் அகலமான பட்டைக்குப் பெண்ட் என்று பெயர். அது எந்த மூலையில் தொடங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பார்ப்பவருக்கு இடப்பக்க மேல்மூலையில் தொடங்கினால் வெறும் பெண்ட். வலப்பக்க மேல்மூலையில் தொடங்கினால் பெண்ட் சினிஸ்டர். "பெண்ட் சினிஸ்டர் இருந்தால் அந்த ஆள் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்" என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரி பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு குடும்பத்துச் சின்னத்தைப் படித்தால் அவர்கள்மேல் இல்லாத பழியைச் சுமத்த நேரும். ஆகவே முதலில் படிக்கும் முறை, பிறகு வரையும் முறை.

இடது யாருடைய இடது?

டெக்ஸ்டர் என்றால் லத்தீனில் வலது, சினிஸ்டர் என்றால் இடது. ஆனால் இந்த வலமும் இடமும் பார்ப்பவருடையவை அல்ல, கேடயத்தைத் தாங்கி நிற்பவருடையவை. கேடயம் சுவரில் மாட்டும் படமாகப் பிறக்கவில்லை. பின்பக்கத் தோல்வார்களுக்குள் கையை நுழைத்து உடம்புக்கு முன்னால் பிடிக்கும் தற்காப்புப் பலகை அது. அதன் வலப்பக்கம் பிடித்திருப்பவரின் வலத்தோள் இருக்கும் பக்கம். எதிரே நிற்கும் நமக்கு அது இடப்பக்கமாகத் தெரிகிறது.

விசைப்பலகையை வைத்து இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பின்சாய்கோடு \ போலச் சாய்ந்தால் பெண்ட். முன்சாய்கோடு / போலச் சாய்ந்தால் பெண்ட் சினிஸ்டர். பெண்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் அது டெக்ஸ்டர்தான். அந்தச் சொல்லைத் தனியாகச் சேர்க்கும் வழக்கம் இல்லை.

கண்ணைப் பழக்கத் தேசியக் கொடிகள் நல்ல பயிற்சி. கொடியில் கம்பத்தை ஒட்டிய பக்கமே டெக்ஸ்டர். டிரினிடாட் டொபாகோ கொடியின் கருப்புப் பட்டை கம்பத்தின் மேல்மூலையிலிருந்து இறங்குகிறது, அது பெண்ட். புருனேயின் வெள்ளை, கருப்புப் பட்டைகளும் அதே திசைதான். தான்சானியா, நமீபியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, செயின்ட் கிட்ஸ் நெவிஸ் கொடிகளில் பட்டை கம்பத்தின் கீழ்மூலையிலிருந்து ஏறுகிறது. வடிவத்தால் அவை எல்லாமே பெண்ட் சினிஸ்டர். அந்த நாடுகளின் பிறப்பில் யாரும் குறை காண்பதில்லை என்பதையும் இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொல் எங்கிருந்து வந்தது

பெண்ட் என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்து "வளைவு" என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். இந்தப் பட்டையில் வளைவே கிடையாது. பழைய பிரெஞ்சில் பெந்த் என்றால் கட்டும் நாடா, கச்சை. அதற்கு அடியில் இருப்பது "கட்டு" என்று பொருள்படும் ஜெர்மானிய வேர். வளைத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே வேரின் கிளைதான்: வில்லில் நாணைக் கட்டினால் வில் வளையும். இரண்டும் உறவு, ஆனால் பொருள் வேறு. கேடயத்துக்கு உரியது நாடா என்னும் பொருளே.

ஏன் நாடா? வாள் தொங்குவது இடது இடுப்பில். அதைத் தாங்கும் தோள்வார் வலது தோளிலிருந்து மார்பின் குறுக்கே இடது இடுப்புக்கு இறங்கும். எதிரே நின்று பார்த்தால் அது பெண்ட் சாயும் திசையேதான். பழைய ஹெரால்ட்ரி (கேடயச் சின்னக் கலை) நூல்கள் இந்த விளக்கத்தைச் சொல்கின்றன. மரக்கேடயத்தின் முகத்தை இறுக்க அடித்த பட்டைகளுக்கு வண்ணம் பூசியதிலிருந்து இத்தகைய வடிவங்கள் பிறந்தன என்பது இன்னொரு விளக்கம். இரண்டில் ஒன்றைத்தான் ஏற்க வேண்டும் என்பதில்லை.

சினிஸ்டர் என்ற சொல்லின் கதை வேறு. ரோமானியரின் பறவைச் சகுனத்தில் இடப்பக்கம் நல்ல பக்கமாகவே இருந்தது. கிரேக்கச் செல்வாக்கில்தான் அது கெட்ட பக்கமானது. இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் "தீய நோக்கமுள்ள" என்று பொருள்படுவதால், பெண்ட் சினிஸ்டரிலும் ஏதோ தீமை ஒளிந்திருக்கிறது என்ற எண்ணம் தானாக ஒட்டிக்கொள்கிறது. ஹெரால்ட்ரியில் அது திசையைச் சொல்லும் சொல், அவ்வளவே.

பெயரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரெஞ்சில் பெண்டுக்கு பாந்து என்றும், பெண்ட் சினிஸ்டருக்கு பார் என்றும் பெயர். ஆங்கில ஹெரால்ட்ரியிலோ பார் என்பது கிடைமட்டமான குறுகிய பட்டை. இந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான் "பார் சினிஸ்டர்" என்ற தொடர். கிடையாக ஓடும் பட்டைக்கு இடச்சாய்வு எப்படி இருக்கும்? ஒரு கட்டுரை இந்தத் தொடரைப் பயன்படுத்தினால், அதில் உள்ள மற்றத் தகவல்களையும் ஒருமுறை சரிபாருங்கள்.

பழியைச் சொல்லும் பட்டை எது, சொல்லாத பட்டை எது

இடைக்காலத்தில் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகனுக்கு இதுதான் அடையாளம் என்று ஐரோப்பா முழுவதற்கும் ஒரே விதி இருந்ததில்லை. தேவையெல்லாம் தந்தையின் சின்னத்தை அப்படியே சூடாமல், பார்த்தவுடன் வேறுபாடு தெரியும்படி மாற்றுவதுதான். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் மகன் ஜான் ஆஃப் காண்டுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மக்களான போஃபர்ட் குடும்பத்தார் அரச சின்னத்தைச் சுற்றி வெள்ளி, நீலக் கட்டங்களால் ஆன விளிம்பைச் சேர்த்துக்கொண்டார்கள். அதில் சாய்பட்டையே இல்லை. பிற்கால இங்கிலாந்தில் அலைவிளிம்பும் ஸ்காட்லாந்தில் கட்ட விளிம்பும் வழக்கமாயின.

சாய்பட்டை இந்த வேலைக்கு வந்தது எப்படி என்பதற்குப் பிரெஞ்சு அரச குடும்பமே நல்ல பாடம். முறைப்படி பிறந்த இளைய கிளைகள் தங்களை மூத்த கிளையிலிருந்து பிரித்துக்காட்டப் பெண்டைத்தான் பயன்படுத்தின. புனித லூயியின் மகன் கிளெர்மோன் ராபர்ட் நீலத் தளத்தில் பொன் லில்லிகள்மேல் சிவப்புப் பெண்டைச் சேர்த்தார். பூர்போன் கிளையின் சின்னம் அதுதான். பின்னாளில் அந்தப் பட்டை மெலிந்துகொண்டே போனது. பூர்போனின் ஒரு பிரிவான கோந்தே இளவரசர்கள் கையில் அது நடுவில் நிற்கும் ஒரு சிறிய சிவப்புக் கோலாகச் சுருங்கியது. பதினான்காம் லூயிக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்து, பின்பு சட்டப்படி ஏற்கப்பட்ட மகன் மேன் கோமகனின் சின்னத்திலும் அதே நீலம், அதே மூன்று பொன் லில்லிகள், அதே சிறிய சிவப்புக் கோல். ஒரே வேறுபாடு, கோந்தேயின் கோல் \ என்று சாய்கிறது, மேன் கோமகனின் கோல் / என்று சாய்கிறது. வலச்சாய்வை (\) முறையான கிளைகள் எடுத்துக்கொண்டதால் இடச்சாய்வு (/) மற்றவர்களுக்கு வந்து சேர்ந்தது.

இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் மன்னரின் அத்தகைய பிள்ளைகளின் வழிவந்த கிராஃப்டன் கோமகன்கள் அரச சின்னத்தின்மேல் வெள்ளி, நீலத் துண்டுகளால் ஆன இடச்சாய்வுக் கோலைச் சூடுகிறார்கள். செயின்ட் ஆல்பன்ஸ் கோமகன்களின் கோல் சிவப்பு, அதில் மூன்று வெள்ளி ரோஜாக்கள். இந்தக் கோலுக்கு பேட்டன் சினிஸ்டர் என்று பெயர். அது பெண்ட் சினிஸ்டர் அன்று: மிகவும் மெல்லியது, இரு முனையும் விளிம்பைத் தொடாமல் வெட்டப்பட்டது.

ஆகவே இடச்சாய்வுப் பட்டை ஒன்றைக் கண்டால் இந்த நான்கையும் வரிசையாகப் பாருங்கள்.

1. பட்டை வேறொரு முழுமையான சின்னத்தின் மேலே, அதில் உள்ள சிங்கத்தையோ லில்லியையோ மறைத்துக்கொண்டு கிடக்கிறதா? வெறுந்தளத்தில் தனியாக நின்றால் அது சின்னத்தின் சொந்த உறுப்பு.
2. மெல்லியதா? முனைகள் விளிம்புக்கு முன்பே நிற்கின்றனவா? அகலமாகவும் விளிம்பு முதல் விளிம்பு வரையும் ஓடினால் அது பெரும்பாலும் சாதாரணப் பெண்ட் சினிஸ்டர்.
3. வண்ண விதி மீறப்பட்டிருக்கிறதா? பொன், வெள்ளி ஆகிய உலோகங்களின்மேல் உலோகம் வரக்கூடாது, நிறத்தின்மேல் நிறம் வரக்கூடாது என்பது ஹெரால்ட்ரியின் அடிப்படை விதி. ஆனால் வேறுபாட்டுக்காகப் பின்னால் சேர்க்கும் குறிகளுக்கு இதில் விலக்கு உண்டு. பூர்போன் பட்டை நீலத்தின்மேல் சிவப்பு, அதாவது நிறத்தின்மேல் நிறம். அத்தகைய மீறல் பட்டை பிறகு சேர்ந்தது என்பதற்கு நல்ல துப்பு.
4. கேடயம் முழுவதுமே கண்ணாடிப் பிம்பம்போலத் திரும்பியிருக்கிறதா? ஜெர்மன் வழக்கில் கணவன், மனைவியின் கேடயங்களை அருகருகே வைக்கும்போது ஒன்றுக்கொன்று மரியாதையாக முகம் பார்க்கும்படி ஒரு கேடயத்தைத் திருப்பிவிடுவார்கள். அப்போது பெண்டும் / ஆகத் திரும்பித் தெரியலாம். சிங்கங்களும் வழக்கத்துக்கு மாறாக நம் வலப்பக்கம் பார்த்து நடந்தால் இதுதான் காரணம்.

முதல் மூன்றுக்கும் "ஆம்", நான்காவதற்கு "இல்லை" என்று வந்தால்கூட, குடும்ப வரலாற்றில் வேறு சான்று கிடைத்த பிறகே பேசுங்கள். கேடயம் மட்டும் சாட்சியாகாது.

"பெண்ட் என்றால் காவல், சிவப்பு என்றால் வீரம்" என்று பொருள் சொல்லும் பட்டியல்களைத் தள்ளிவைத்துவிடுங்கள். 12-ஆம் நூற்றாண்டில் இந்தச் சின்னங்கள் பரவியபோது வடிவத்துக்கு இன்ன பொருள் என்ற அகராதி எதுவும் இல்லை. யார் என்று அடையாளம் காட்டுவதே அவற்றின் பணி. பொருள் பட்டியல்கள் பின்னால் வந்த நூலாசிரியர்களின் கைவண்ணம்.

வடிவம் எவ்வளவு எளிதானாலும் உரிமை எவ்வளவு கடுமையாகக் காக்கப்பட்டது என்பதற்கு நீலத் தளத்துப் பொன் பெண்டே சாட்சி. 1385-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் ஸ்காட்லாந்துப் படையெடுப்பில் ரிச்சர்ட் ஸ்க்ரோப், ராபர்ட் குரோவ்னர் இருவரும் அதே சின்னத்துடன் வந்து நின்றார்கள். வழக்கு, கேடயச் சின்ன உரிமைகளை விசாரிக்கும் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் ஷிவல்ரிக்குப் போனது. நூற்றுக்கணக்கானோர் சாட்சி சொன்னார்கள். 1386-இல் கவிஞர் சாசரும் வந்து, லண்டன் ஃப்ரைடே தெருவில் தொங்கிய அந்தச் சின்னத்தை ஸ்க்ரோப்புடையது என்று தாம் எண்ணியதையும், இல்லை, குரோவ்னருடையது என்று தமக்குச் சொல்லப்பட்டதையும் எடுத்துரைத்தார். 1389-இல் தீர்ப்பு ஸ்க்ரோப் பக்கம் வந்தது. வெள்ளி விளிம்பு சேர்த்துக்கொண்டு பெண்டை வைத்துக்கொள்ளலாம் என்று குரோவ்னருக்கு வழிவிட்டார்கள். அவர் மேல்முறையீடு செய்தார். 1390-இல் அரசர் அந்தச் சலுகையையும் எடுத்துவிட்டார். குரோவ்னர் நீலத்தில் பொன் கோதுமைக்கட்டுக்கு மாறினார். அந்தக் குடும்பம் மறக்கவில்லை: 1880-இல் டெர்பி பந்தயத்தை வென்ற, குரோவ்னர் குடும்பத்தவரான வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனின் குதிரைக்குப் பெயர் "பெண்ட் ஓர்", அதாவது பொன் பெண்ட். ஹெரால்ட்ரியில் வரும் "ஓர்" பிரெஞ்சில் பொன்னைக் குறிப்பது. தமிழில் எழுதும்போது "ஓர் பெண்ட்" என்று முன்னால் வைத்தால் "ஒரு பெண்ட்" என்று படித்துவிடுவார்கள். பொன் என்றே எழுதுவது நல்லது.

வரையும் முறை

அளவுகள் 12 செ.மீ. அகலக் கேடயத்துக்கானவை. வேறு அளவு வேண்டுமானால் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் பெருக்குங்கள்.

கேடயம்: 12 செ.மீ. நீளத்தில் மேல்விளிம்பை இழுங்கள். இரு முனைகளிலிருந்தும் நேர்க்கீழாக 4 செ.மீ., அதாவது அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இறக்குங்கள். காம்பஸை 12 செ.மீ. விரித்து, வலப்பக்கக் கோட்டின் அடிமுனையில் ஊசியை ஊன்றி, இடப்பக்கக் கோட்டின் அடியிலிருந்து கீழ்நோக்கி வில் வரையுங்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே. இரு வில்லும் சந்திக்கும் இடமே அடிமுனை. மொத்த உயரம் 14.4 செ.மீ. வரும். வரவில்லையென்றால் காம்பஸ் நழுவியிருக்கிறது.

நடுக்கோடு: நம் இடப்பக்க மேல்மூலையிலிருந்து 45 பாகையில் கோடு இழுங்கள். அது வலப்பக்க வில்லைத் தொடும் இடம், மூலையிலிருந்து ஏறக்குறைய 10.25 செ.மீ. பக்கவாட்டிலும் 10.25 செ.மீ. கீழேயும் இருக்கும். பலர் மூலையிலிருந்து நேரே அடிமுனைக்குக் கோடு இழுத்துவிடுகிறார்கள். அப்போது பட்டை செங்குத்தாக நிமிர்ந்து, பெண்டும் இல்லாமல் நேர்ப்பட்டையும் இல்லாமல் நிற்கும்.

அகலம்: மேலே எதுவும் வைக்காத பெண்டுக்குக் கேடய அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, 2.4 செ.மீ. மேலே உருவங்கள் வைப்பதானால் மூன்றில் ஒரு பங்கு, 4 செ.மீ. இந்த அகலத்தை நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். அதிகம் பிழையாகும் இடம் இதுதான். 2.4 செ.மீ. பெண்டுக்கு, மூலையிலிருந்து மேல்விளிம்பில் 1.7 செ.மீ., பக்கவிளிம்பில் 1.7 செ.மீ. குறித்து, அந்தப் புள்ளிகளிலிருந்து நடுக்கோட்டுக்கு இணையாக இழுத்தால் அகலம் சரியாக வரும். பாதி அகலம் 1.2 தானே என்று விளிம்பிலேயே 1.2 குறித்தால் பட்டை 1.7 செ.மீ. ஆக மெலிந்துவிடும். 4 செ.மீ. பெண்டுக்கு விளிம்பில் குறிக்க வேண்டியது 2.83 செ.மீ.

பெண்ட் சினிஸ்டருக்கு இதையே வலப்பக்க மேல்மூலையில் தொடங்குங்கள். கணினியில் வரைபவர்கள் முடிந்த படத்தை அப்படியே கிடைமட்டமாகத் திருப்பிவிடுவது வழக்கம். அப்படிச் செய்தால் தளத்தில் உள்ள விலங்குகளும் திரும்பிவிடும். பட்டையை மட்டும் திருப்புங்கள்.

இதன் மெலிந்த வடிவங்கள்: பெண்டில் பாதி அகலம் உள்ளது பெண்ட்லெட், கால் பங்கு உள்ளது கோட்டீஸ். கோட்டீஸ் தனியாக வருவது அரிது. பெண்டின் இருபுறமும் துணைக்கோடாக, இடையில் தளம் தெரியும்படி சிறிது இடம் விட்டு ஓடும். பேட்டனுக்கும் கால் பங்கே, முனைகள் வெட்டப்பட்டிருக்கும். பேட்டனை விளிம்புக்கு மிக அருகில் வெட்டினால் தூரத்திலிருந்து விளிம்பைத் தொடுவதுபோல் தெரியும். இரு முனையிலும் 2.5 செ.மீ.யாவது விடுங்கள்.

உருவங்கள்: பெண்டின்மேல் வைக்கும் உருவம், வேறு குறிப்பு இல்லையென்றால், பட்டையோடு சேர்ந்து சாயும். ஸ்பென்சர் குடும்பச் சின்னத்தின் கருப்புப் பெண்டில் உள்ள மூன்று வெள்ளிச் சிப்பிகள் அப்படித்தான் சாய்ந்திருக்கின்றன. சிங்கம் வைத்தால் அது மேல்மூலையை நோக்கிப் பட்டையில் ஏறி நடக்க வேண்டும், இறங்கக் கூடாது. 4 செ.மீ. பட்டையின் நடுக்கோடு சுமார் 14.5 செ.மீ. நீளம். மூன்று உருவங்களின் மையங்களை மூலையிலிருந்து 2.4, 7.25, 12.1 செ.மீ. தூரத்தில் வைத்து, ஒவ்வொன்றையும் 2.6 செ.மீ. வட்டத்துக்குள் அடக்குங்கள். இதைவிடப் பெரிதானால் மூலையில் உள்ள உருவம் மேல்விளிம்பை நெருக்கும்.

ஓரம்: நேர்க்கோட்டுக்குப் பதில் வளைவோரம் வருவதுண்டு. எங்கிரெயில்டு என்றால் கூர்முனைகள் பட்டையிலிருந்து வெளியே தளத்தை நோக்கி நீளும். இன்வெக்டட் என்றால் அதற்கு நேர்மாறு. கோட்டைமதில் பல் வைத்த பெண்ட் என்று மட்டும் சொல்லியிருந்தால் மேலோரத்துக்கு மட்டுமே பல்.

பட்டையில்லாமல் தளத்தையே சாய்வாகப் பிரிப்பதும் உண்டு. இரண்டு நிறங்களாகப் பிரிந்தால் முதலில் சொல்லும் நிறம் மேல்பகுதிக்கு. ஆறு பட்டைகளாகப் பிரிப்பதானால் மூலைக் கோட்டை நடு எல்லையாகக் கொள்ளாதீர்கள். நம் கேடயத்தில் அந்தக் கோட்டுக்கு மேலே 8.5 செ.மீ. இருக்கிறது, கீழே 6.3 செ.மீ. மட்டுமே. சாய்வுக்குச் செங்குத்தான மொத்த அளவு 14.8 செ.மீ.; அதை ஆறாகப் பங்கிட்டு ஒவ்வொன்றையும் 2.47 செ.மீ. வையுங்கள்.

கருப்பு வெள்ளையிலும் முத்திரையிலும்

வண்ணம் இல்லாத அச்சில் நிறங்களைக் கோடுகளால் காட்டும் முறையை 1638-இல் வெளிவந்த தம் நூலின் வழியே பெத்ரா சாங்க்தா என்ற இயேசு சபைத் துறவி நிலைபெறச் செய்தார். பொன்னுக்குப் புள்ளிகள், வெள்ளிக்கு வெறுமை, சிவப்புக்குச் செங்குத்துக் கோடுகள், நீலத்துக்குக் கிடைக்கோடுகள், கருப்புக்கு இரண்டும் சேர்ந்த கட்டம். பச்சைக்குப் பெண்ட் திசையில் \ கோடுகள், ஊதாவுக்குப் பெண்ட் சினிஸ்டர் திசையில் / கோடுகள். படத்தைத் திருப்பி அச்சிட்டால் பட்டை மட்டும் மாறுவதில்லை, பச்சை ஊதாவாகிவிடும்.

முத்திரை மோதிரத்தில் இந்தத் தவறு நிலைத்துவிடும், கல்லிலும் உலோகத்திலும் அழிக்க முடியாது. அரக்கில் பெண்ட் சரியாகப் பதிய வேண்டுமானால் மோதிர முகத்தில் அதை / ஆக வெட்ட வேண்டும். முத்திரை பதிக்காமல் அணிய மட்டும் வேண்டுமானால் \ ஆகவே வெட்டச் சொல்லுங்கள். எது வேண்டும் என்று செதுக்குபவரிடம் எழுத்தில் கொடுத்து, வெட்டுவதற்கு முன் மெழுகிலோ காகிதத்திலோ ஒரு பதிவு எடுத்துப் பாருங்கள். கண்ணாடிச் சாளரத்திலும் இதே கவனம் வேண்டும்: சரியான முகம் எந்தப் பக்கம் என்று தீர்மானித்து, வரைபடத்தின் அந்தப் பக்கத்தில் "உட்புறம்" அல்லது "வெளிப்புறம்" என்று எழுதிய பின்பே வெட்டுவதற்குக் கொடுங்கள்.

பழைய முத்திரையைப் படிப்பதற்கும் இதுவே அளவுகோல். கையில் இருப்பது பதிவா, பதிக்கும் அச்சா என்று முதலில் பாருங்கள். சுற்றியுள்ள எழுத்துகள் நேராகப் படிக்க வந்தால் பதிவு, இடவலம் மாறி வந்தால் அச்சு. அச்சைப் பார்த்துப் பெண்ட் சினிஸ்டர் என்று குறித்தால் அது உண்மையில் வெறும் பெண்ட்தான்.